அஜோகேவுக்கு ஈடு

என்னைக் கொடுத்துத்தான் அபெகே தன் மகளை மீட்டாள். அப்போது எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது. அவள் மகள் அஜோகேவுக்கும் ஏறக்குறைய அதே வயது. இரண்டு பேரையும் முதுகோடு முதுகாக நிறுத்தி அளந்து பார்த்த பிறகுதான் கைமாற்றினார்கள். அபெகேயைப் பற்றி நல்லதாகச் சொல்லவும் என்னிடம் நிறைய இருக்கிறது. அதனால்தான் இதைச் சொல்ல எனக்குச் சிரமமாக இருக்கிறது.

அபெகே வடக்கே நூப்பே நாட்டில் பிறந்தவள். குதிரைக்காரர்கள் அவளைப் பிடித்து விற்றபோது அவளுக்குப் பதினைந்து வயது. நாலைந்து கை மாறி, தெற்கே அபெயோகூட்டா நகரத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்கே அவளை வாங்கியவள் இயுனாடே. ஊரில் இயுனாடேயைத் தெரியாதவர்கள் கிடையாது. செம்பனை எண்ணெய் வியாபாரி. ஆற்றங்கரையில் மூன்று படகு, ஊருக்கு வெளியே அரை நாள் நடைத் தூரத்தில் பெரிய தோட்டம், அதில் நாற்பது அடிமைகள். அவள் யாரையும் அடிக்க மாட்டாள். அடித்தால் ஒரு வேலைநாள் போய்விடும் என்பாள். திருவிழாவுக்கு எல்லோருக்கும் துணி கொடுப்பாள்.

தோட்டத்தில் சுமை தூக்கிய ஒருவனோடு அபெகே குடும்பம் நடத்தினாள். அவனைப் படைக்குச் சுமை தூக்க அனுப்பினார்கள், திரும்பி வரவில்லை. அவன் போன பிறகு பிறந்தவள் அஜோகே. எல்லோரும் சேர்ந்து செல்லம் கொடுக்கும் பிள்ளை என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். பெயர் வைத்தவள் இயுனாடே. அடிமை பெற்ற பிள்ளை எசமானிக்குச் சொந்தம் என்பதால் பெயர் வைக்கும் உரிமையும் அவளுக்குத்தான். பிள்ளைக்கு ஐந்து வயது ஆனதும் எடுபிடி வேலைக்கென்று ஊர் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

பிள்ளையைக் கூட்டிப்போன அன்றைக்கே அபெகே ஊர் வீட்டுக்கு நடந்து போய், மகளை மீட்க என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். இயுனாடே யோசித்துவிட்டு ஏழு மூட்டை சோழி என்றாள். மூட்டைக்கு இருபதாயிரம் சோழி. அப்போது சந்தையில் ஒரு சிறுமியின் விலை அதுதான். அவள் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

தோட்டத்தில் வாரத்துக்கு ஒரு நாள் அடிமைகள் தங்களுக்காக வேலை செய்துகொள்ளலாம். எண்ணெய் முழுவதும் எசமானிக்கு. பழத்தை வேகவைத்து இடித்து எண்ணெயைப் பிழிந்த பிறகு மிஞ்சும் கொட்டையை அந்தக் காலத்தில் யாரும் சீண்ட மாட்டார்கள், குப்பைமேடாகக் கிடக்கும். அபெகே அந்தக் கொட்டைகளை ஒவ்வொன்றாகக் கல்லில் வைத்து உடைத்துப் பருப்பெடுத்து, வறுத்து, கறுப்பு எண்ணெய் இறக்கினாள். சோப்புக் காய்ச்சுகிறவர்களும் சிரங்குக்கு மருந்து செய்கிறவர்களும் அதை வாங்கினார்கள். ஒரு சட்டி எண்ணெய்க்கு இரண்டு சரம் சோழி, அதாவது எண்பது. அதை வைத்து இருபதாயிரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவள் வலதுகைப் பெருவிரல் நகம் கடைசிவரை முளைக்கவே இல்லை.

அடிமைக் குடிசையில் சோழி வைத்தால் திருட்டுப் போகும். அதனால் சேரச் சேர இயுனாடேயிடமே கொடுத்து வைத்தாள். இயுனாடேயும் கணக்கில் ஒரு சோழி பிசக மாட்டாள். இப்படி ஐந்து வருடத்தில் ஐந்து மூட்டை சேர்ந்துவிட்டது.

அப்போதுதான் பெரிய சோழி வந்தது. அதுவரை சோழி என்றால் சின்னது, வெள்ளை, பால்பல் போலப் பளபளப்பு. வெள்ளைக்காரர்கள் வேறு ஏதோ கடற்கரையிலிருந்து தடித்த சோழியைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து லாகோஸ் துறைமுகத்தில் இறக்கினார்கள். முதுகில் மஞ்சள் வளையம் போட்ட சோழி. அவர்களுக்கு எண்ணெய் வேண்டும். அந்தச் சோழியோ கடலில் அள்ளி எடுப்பது. கேட்டதற்கு மேலேயே கொடுத்தார்கள். எங்கள் சந்தைப் பெண்கள் முதலில் அதைத் தொடவில்லை. பிறகு இரண்டுக்கு ஒன்று என்று வாங்கினார்கள். சுங்கக்காரர்கள் அதையும் வாங்க ஆரம்பித்ததும் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது. கிழங்கு விலை இரட்டித்தது. உப்பு இரட்டித்தது. ஆள் விலையும் அப்படியே. ஆனால் அபெகேவுக்கு இதனால் சந்தோஷம்தான். கறுப்பு எண்ணெய்க்கு இரண்டு சரத்துக்குப் பதில் ஐந்து சரம் கிடைத்தது. கடைசி இரண்டு மூட்டையை எட்டே மாதத்தில் சேர்த்துவிட்டாள். தெய்வம் கண்ணைத் திறந்தது என்று நினைத்தாளாம். இதை அவளே என்னிடம் சொன்னாள், வெகுகாலம் கழித்து.

ஏழாவது மூட்டையைத் தலையில் சுமந்து ஊர் வீட்டுக்குப் போனாள். இயுனாடே ஆள் வைத்து எண்ணச் சொன்னாள். எண்ணி முடிக்கப் பாதி நாள் ஆயிற்று.

"கணக்கு சரியா இருக்கு அபெகே. நான் இல்லேன்னு சொல்லல."

"அப்போ பொண்ணைக் கூட்டிட்டுப் போகட்டுங்களாம்மா?"

"பொறு. நான் ஏழு சொன்னப்போ, ஏழுக்கு சந்தையில ஒரு பொண்ணு கெடைச்சா. இன்னிக்குப் போய்க் கேளு. பதினாலுங்கறான், பதினஞ்சுங்கறான். நீ ஏழைக் குடுத்துட்டு முழுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போனா, மீதிப் பாதிப் பொண்ணுக்கு நான் எங்க போறது?"

 அபெகே, தான் கொடுத்ததில் ஐந்து மூட்டை பழைய சின்னச் சோழி, அதற்கு இன்றும் மதிப்பு உண்டு, அதையாவது எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறாள்.

"அது எங்க இருக்கு? பூட்டி வெச்சுப் பார்த்துட்டா இருப்பேன்? அதுமேல கொஞ்சம் போட்டு அப்பவே ஒடேவாலேயை வாங்கிட்டேன். தெனமும் உன் முன்னாலதான் மரம் ஏறறான். போய்ப் பாரு, உன் சோழி அவன்தான்."

ஒடேவாலே ஏழெட்டு மாதமாகத் தோட்டத்தில் இருந்தான். அவன் வெட்டித் தள்ளிய குலைகளைத்தான் அபெகே வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

இயுனாடே அவளை அப்படியே அனுப்பிவிடவில்லை. வாக்கு கொடுத்தவள் அல்லவா. ஒரு வழி சொன்னாள்.

"பொண்ணுக்குப் பொண்ணு. இவ உசரத்துக்கு, இவ வயசுக்கு ஒருத்தியைக் கொண்டாந்து நிறுத்து, இவளைக் கூட்டிட்டுப் போ. சோழி இன்னிக்கு ஒரு வெலை, நாளைக்கு ஒரு வெலை. எனக்கு அது வேண்டாம். ஆளாக் குடு."

அபெகே தன் ஏழு மூட்டையையும் திருப்பிக் கேட்டாள். இயுனாடே மறுக்காமல் கொடுத்தாள், ஏழுக்கு ஏழு. எல்லாம் மஞ்சள் வளையச் சோழி.

படைமுகாம் பக்கத்தில் அப்போது, போரில் பிடிபட்டவர்களை விற்கும் ஒரு சந்தை கூடும். இரண்டு நாள் நடை. அபெகே எசமானியிடம் விடை வாங்கிக்கொண்டு, ஏழு கூலியாட்களோடு போனாள். பெரிய சோழி கனம் அதிகம் என்பதால் அவர்கள் கூலியும் அதிகம் கேட்டார்கள். அரை மூட்டை அவர்களுக்கே போயிற்று. சந்தையில் நல்ல சிறுமி பதினான்கு மூட்டைக்குக் குறைந்து இல்லை. அவள் மூன்று நாள் அங்கேயே சுற்றினாள். மூன்றாம் நாள், ஒரு வியாபாரியின் கொட்டகைக்குப் பின்னால் பாயில் கிடந்த என்னைப் பார்த்தாள்.

என் ஊர் எகிட்டி மலைப் பக்கம். படைக்காரர்கள் எரித்துவிட்டார்கள். என் அம்மாவை ஒசுன் ஆற்றுக்கு அந்தப்பக்கமே வேறு ஒருவன் வாங்கிப் போய்விட்டான். எனக்கு இடது காலில் நரம்புச் சிலந்தி வந்து, கணுக்காலில் புழு தலை நீட்டி, முழங்கால்வரை வீங்கியிருந்தது. வியாபாரிக்கு என்னை எங்காவது தள்ளிவிட்டால் போதும்.

"நடக்குமா இது?" என்று அபெகே கேட்டாள்.

"தூக்கிட்டுப் போனா வரும்" என்றான் அவன்.

ஆறு மூட்டைக்குப் பேரம் முடிந்தது. அரை மூட்டை அவளுக்கு மிச்சம். அதைத் தலையில் வைத்துக்கொண்டு என்னை முதுகில் ஏற்றினாள். அப்படியே இரண்டு நாள் நடந்தாள். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆற்றைக் கடக்கும்போது மட்டும், கழுத்தை இறுக்காதே, மூச்சு முட்டுகிறது என்றாள்.

அடுத்த நான்கு மாதத்தைப் போல என் வாழ்க்கையில் ஒரு காலம் பிறகு வரவே இல்லை. தினமும் காலையில் வெந்நீரில் என் காலை நனைத்து, வெளியே வந்த புழுவை ஒரு குச்சியில் மெல்லச் சுற்றுவாள். ஒரு நாளைக்கு அரை விரற்கடைதான் வரும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து உள்ளேயே அழுகிவிடும். அவள் ஒருநாள்கூட அவசரப்படவில்லை. இருபத்தாறு நாளில் முழுவதும் வந்தது. பிறகு தன் பங்குக் கிழங்கில் பெரிய துண்டை எனக்குப் போட்டாள். வாரம் ஒருமுறை உலர்ந்த மீன். மேனிக்குச் செஞ்சாந்து பூசி எண்ணெய் தேய்த்தாள். என் எகிட்டிப் பேச்சைக் கேட்டுத் தோட்டமே சிரித்தது. அவள்தான் பொறுமையாக இந்த ஊர்ப் பேச்சைச் சொல்லிக்கொடுத்தாள். தண்ணீரை எப்படிச் சொல்வது, எசமானி கூப்பிட்டால் எப்படி முட்டி போட்டு வணங்குவது, எல்லாம். நான் அவளை அம்மா என்று கூப்பிட்டேன். கூப்பிடாதே என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அவள் என்னை மகளே என்று ஒருமுறையும் அழைத்ததில்லை. பொண்ணு என்றுதான் அழைத்தாள்.

ஊர் வீட்டிலிருந்து சேதி சொல்ல அஜோகே அவ்வப்போது தோட்டத்துக்கு வருவாள். மெலிந்த, சுறுசுறுப்பான பெண். என்னைப் பார்க்கும்போதெல்லாம் மேலும் கீழும் பார்ப்பாள்.

"ஏய் எகிட்டிக்காரி, கால் ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு."

"ஓடிக் காட்டு."

நான் ஓடிக் காட்டினேன். அவளோடு விளையாட ஒருத்தி கிடைத்தாள் என்று நினைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் சதை போடணும்" என்றாள். "நல்லாச் சாப்பிடு. உனக்காகத்தான் நான் காத்துட்டிருக்கேன்."

"எனக்காகவா?"

"உனக்கு யாரும் சொல்லலையா? எனக்குப் பதிலாக் குடுக்கத்தானே எங்கம்மா உன்னை வாங்கினா."

அன்று மாலை அபெகே கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அஜோகே சொன்னது உண்மையா என்று கேட்டேன். அவள் கல்லைக் கீழே வைக்கவில்லை.

"அவ என் வயித்துல பொறந்தவ" என்றாள். 

நானும் ஒருத்தி வயிற்றில் பிறந்தவள்தான் என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. தோன்றியபோது வருடங்கள் ஓடிவிட்டன.

மழை நின்ற மாதத்தில் என்னை ஊருக்குக் கூட்டிப்போனாள். புறப்படும்முன் தலை பின்னிவிட்டாள். போகிற வழியில் ஒரே ஒரு விஷயம் சொன்னாள்: எசமானியம்மா முன்னால் நேராக நட. அதைக் கேட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. நொண்டி நடந்தால் என்ன? என்னை வேண்டாம் என்பார்கள். திரும்ப அவளோடு தோட்டத்துக்கே போய்விடலாம். இன்னொரு நான்கு மாதம். பிறகு யோசித்தேன்: வேண்டாம் என்று ஆனால் அவள் என்னை வைத்துக்கொள்ள மாட்டாள், சந்தையில் விற்றுவிட்டு வேறொருத்தியைத் தேடுவாள்.

இயுனாடே முற்றத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னை நடக்கச் சொன்னாள். நான் நேராக நடந்தேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தாள். கண்ணிமையை விலக்கிப் பார்த்தாள். கணுக்காலில் இருந்த தழும்பை அழுத்தினாள், எனக்கு வலிக்கவில்லை. எட்டுவரை எண்ணச் சொன்னாள், எண்ணினேன். பிறகு அஜோகேயைக் கூப்பிட்டு எங்களை முதுகோடு முதுகாக நிறுத்தினாள். அஜோகேயின் தோள்பட்டை எலும்பு என் முதுகில் குத்தியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வெரல் கொறையறா" என்றாள் இயுனாடே.

"வளர்ற பொண்ணுங்கம்மா."

"இவளும்தானே வளர்றா. நான் ஒண்ணும் அநியாயமாக் கேக்கல. கொறைக்கு ஒரு மூட்டை வை."

அபெகே தலையில் சுமந்து வந்த அந்த அரை மூட்டையைப் பாயில் வைத்தாள். இவ்வளவுதான் இருக்கிறது என்றாள். இயுனாடே அதைப் பார்த்தாள், அவள் கையைப் பார்த்தாள், சரி என்று தலையசைத்தாள். தாராள மனசு என்று அங்கே நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். என் விலை ஆறு மூட்டை, கூட அரை மூட்டை. அந்த அரை மூட்டை அந்த ஒரு விரலுக்கு.

அஜோகே அன்றே விடுபட்டாள். ஆனால் சொந்தம் என்று யாரும் இல்லாத பெண் தெருவில் நின்றால் மறுநாளே எவனாவது பிடித்து விற்றுவிடுவான். அபெகே அதற்கும் வழி பார்த்து வைத்திருந்தாள். ஊரின் மறுகோடியில் பாதிரிமார் கட்டிய வேதக்கோயில் பக்கம் ஒரு சோப்பு வியாபாரி இருந்தாள். கறுப்பு எண்ணெய் வாங்குகிறவள். அவள் வீட்டில் மகளைச் சேர்த்துவிட்டாள். போரில் செத்த ஒரு நல்ல குடும்பத்தின் பிள்ளை என்று அங்கே சொல்லி வைத்தார்கள்.

அபெகே தோட்டத்துக்குத் திரும்பினாள். அவள் விடுதலை வாங்கியது மகளுக்குத்தான். அவள் இன்னும் அடிமைதான். ஒரு வருடம் நான் ஊர் வீட்டில் அஜோகே படுத்த பாயில் படுத்தேன். பிறகு எண்ணெய் வேலைக்கு ஆள் போதவில்லை என்று இயுனாடே என்னையும் தோட்டத்துக்கு அனுப்பினாள். இடம் இருந்தது அபெகேயின் குடிசையில்தான். இரண்டு வருடம் நான் அவளோடு பேசவில்லை. அவளும் என்னைப் பேச வைக்கப் பார்க்கவில்லை. ஆனால் என் சட்டியில் பெரிய துண்டு விழுவது நிற்கவில்லை. நான் அதைத் தின்றேன். பசிக்கும் அல்லவா.

நாங்கள் பேச ஆரம்பித்தது கொட்டையால்தான். வெள்ளைக்காரர்கள் திடீரென்று எண்ணெய் மட்டும் போதாது, கொட்டைப் பருப்பும் வேண்டும் என்றார்கள். குப்பைமேட்டுக்கு விலை வந்தது. தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் உடைக்க உட்கார்ந்தார்கள். அபெகே தன்னை மீட்டுக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டாள், நானும் ஆசைப்பட்டேன். ஒரு பருவம்தான். அடுத்த பருவம் இயுனாடே தோட்டத்துக்கு நேரில் வந்து, இனிமேல் கொட்டையும் வீட்டுக்கு என்றாள். மரம் யாருடையது, பழம் யாருடையது என்று கேட்டாள்.  அவள் திரும்பிப் போன பிறகு அபெகே வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "நான் உடைக்காம இருந்திருந்தா, அது குப்பைன்னே கெடந்திருக்கும்" என்றாள். நான் இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளுக்குச் சொன்ன முதல் வார்த்தை, "படு" என்பது.

அஜோகே கெட்டிக்காரி. சோப்பு வியாபாரத்தைக் கற்றுக்கொண்டாள், பிறகு பருப்பு வியாபாரம். ஐசக் என்ற சாரோவைக் கல்யாணம் செய்துகொண்டாள். கப்பலில் அடிமையாக ஏற்றப்பட்டு, நடுக்கடலில் ஆங்கிலேயர் விடுவித்து, எங்கோ தூரத்தில் குடியேற்றி, பிறகு ஊர் திரும்பியவர்களைத்தான் நாங்கள் சாரோ என்போம். ஐசக்கின் அப்பா அப்படித் திரும்பியவர். ஐசக் வீட்டில் தன் சங்கிலித் தழும்பைப் பற்றி அந்த அப்பா ஞாயிறு தோறும் சாட்சி சொல்வாராம். பருப்பு மூட்டை அடுக்கும் அவர்கள் கிட்டங்கியில் பதினோரு அடிமைகள் வேலை செய்தார்கள்.

அபெகேவுக்குப் புகையில் இரண்டு கண்ணும் போயிற்று. அந்தச் சமயத்தில்தான் சண்டையால் லாகோஸ் பாதை அடைபட்டு, இயுனாடேயின் எண்ணெய் பீப்பாயிலேயே கெட்டது. படைக்கென்று கடனுக்கு வாங்கிய வெடிமருந்துக்குக் கொடுக்க வேண்டியது ஏராளம். ஆட்களை விற்க ஆரம்பித்தாள். சேதி கேள்விப்பட்டு அஜோகே வந்தாள். வெல்வெட் துணி கட்டியிருந்தாள். இயுனாடே முட்டி போடச் சொல்லாமலே அவளுக்கு எதிரில் பாய் போட்டாள். என் விலை முப்பது மூட்டை என்றாள். அபெகேவுக்கு ஐந்து.

அஜோகே அம்மாவைத்தான் முதலில் பார்த்தாள். அதை நான் மறைக்க மாட்டேன். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தாள். அபெகே அவளைப் பேச விடவில்லை.

"என்னை எடுத்து என்ன பண்ணப் போறே? கண்ணு தெரியாதவ. இங்கயே ஒரு மூலையில கெடந்துட்டுப் போறேன். இவளை எடு. நீ இவளுக்குப் பட்ட கடன் அது."

அஜோகே என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரிம்மா" என்றாள்.

அபெகே தடவித் தடவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "போ பொண்ணு. இனிமே நீ யாருக்கும் சொந்தமில்ல."

 எத்தனை வருடத்துக் கோபம். அந்த ஒரு நிமிடத்தில் அவளை மன்னித்துவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். என் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு அஜோகேவுக்குப் பின்னால் நடந்தேன். ஆற்றுத்துறை வந்ததும், நான் எங்கே தங்குவது என்று கேட்டேன். எனக்கென்று ஒரு இடம் பார்த்துக்கொள்ள வேண்டுமே, யார் வீட்டிலாவது வாடகைக்கு மூலை கிடைக்குமா, அஜோகே, என்றேன்.

"மத்தவங்க எங்க தங்கறாங்களோ அங்கதான்" என்றாள். "அப்புறம், பேர் சொல்லிக் கூப்பிடாதே. அம்மான்னு கூப்பிடு. ஆளுங்க காதுல விழும்."

நான் நின்றுவிட்டேன். உன் அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "முப்பது மூட்டையும் அவரோட காசு. கிட்டங்கிக்கு ஆள் வாங்கப் போறேன்னு வாங்கிட்டு வந்தேன். உன்னைச் சும்மா விட்டா ஏன்னு கேப்பாரு. எனக்குப் பதிலா அடிமையாப் போனவன்னு சொல்லவா? அப்போ நான் யாருன்னு அவங்க வீட்டுல கேக்க மாட்டாங்களா?"

 அவள் பயம் பொய்யில்லை. அது எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

மூன்று வருடம் அஜோகேயின் கிட்டங்கியில் பருப்புப் பொறுக்கினேன். அவள் என்னை அதட்டியதுகூட இல்லை; என் பக்கம் திரும்பாமலே வேலை சொல்வாள். ஒருமுறை பருப்பு எடை பார்க்க இயுனாடேயின் தோட்டத்துக்கு என்னை அனுப்பினாள். அபெகே குடிசை வாசலில் வெயிலில் கிடந்தாள். என் காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"சொந்தமா வாழறியா?" என்று கேட்டாள்.

என் தலையில் அஜோகேயின் கூடை இருந்தது. அபெகேயின் கண்ணுக்குத்தான் தெரியாதே.

"ஆமா" என்றேன்.

"என்ன விக்கறே?"

"அக்காரா. பயறு அரைச்சுச் சுட்டு விக்கறேன்."

"உப்பு அளவாப் போடு" என்றாள். முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் மேல் இரக்கப்பட்டுப் பொய் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். உண்மையைச் சொன்னால் அழுவாள்; அழுதால் நான்தான் தேற்ற வேண்டும். அதற்கு என்னிடம் தெம்பு இல்லை.

பத்து நாள் கழித்து அவள் இறந்துபோனாள். அஜோகே பெரிதாகச் சாவு எடுத்தாள். தன்னை வளர்த்த ஆயா என்று ஊருக்குச் சொன்னாள். நாலு ஆடு, பன்னிரண்டு துப்பாக்கி வெடி, மேளக்காரர்கள், புதுத் துணி சுற்றிய உடம்பு. செலவு இருபது மூட்டையைத் தாண்டியது என்று கணக்குப்பிள்ளை சொன்னான். உயிரோடு அவள் விலை ஐந்து. நான் மூன்று நாள் உரலில் கிழங்கு இடித்தேன். அஜோகே உண்மையாகவே அழுதாள். வளர்த்த ஆயாவுக்கு இவ்வளவு அழுகையா என்று மாமியார் ஆச்சரியப்பட்டாள்.

சாவுக்கு வந்த கூட்டத்தில் காய்ச்சல் பரவி, படகுக்காரர்கள் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். பருப்புப் படகுக்கு ஆள் போதவில்லை என்று கங்காணி என்னையும் ஏற்றிக்கொண்டான். அஜோகே தன் பெண்ணாட்களை லாகோஸ் பக்கம் அனுப்புவதே இல்லை; ஆங்கிலேயர் கொடி பறக்கும் இடத்தில் அடிமையைத் திருப்பிப் பிடிக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அவள் அழுத களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். லாகோஸ் துறையில் ஏழு கூடை இறக்கினேன். எட்டாவது கூடையைப் படகிலேயே விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்தேன். யாரும் பின்னால் வரவில்லை.  கொஞ்ச தூரம் போன பிறகு ஒரு மீன்காரியின் வாசலில் உட்கார்ந்தேன்.

அவள்தான் எனக்கு முதல் வேலை கொடுத்தாள். அடுத்த வருடம் துறைக்குப் பக்கத்தில் சொந்தமாகச் சட்டி வைத்து அக்காரா சுட்டேன். சொன்ன பொய்யைச் செய்துகொண்டிருக்கிறேனே என்று முதல் நாள் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

அஜோகே ஒருநாள் வந்தாள். கப்பல்காரர்களைப் பார்க்க வந்தவள், வழியில் என்னைப் பார்த்துவிட்டாள். குடை பிடித்த ஆளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என் சட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு உடம்பு கனத்திருந்தது.

"உன்னால எனக்கு முப்பது மூட்டை போச்சு" என்றாள்.

"தெரியும்."

திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் எண்ணெயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கடைசியா அவளைப் பார்த்தவ நீதான். என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"இல்ல. நான் சொந்தமா வாழறேனான்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னு சொன்னேன்."

அவள் நீளமாக மூச்சு விட்டாள். முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது.

"அப்போ நிம்மதியாத்தான் போயிருக்கா" என்றாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, குடைக்காரனைக் கூப்பிட்டபடி துறையை நோக்கி நடந்து போனாள்.